தங்கபுஷ்பத்தின் கொட்டகையும் துரைமாரின் கட்டடமும்

துரைமார் அச்சடித்த வழவழப்பான புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில் தங்கபுஷ்பத்தின் படம் இருக்கிறது. படத்துக்குக் கீழே ‘எங்கள் உதவியால் பயன்பெற்ற ஏழைத் தாய், தன் குழந்தையுடன், புதிய காப்பகத்தின் முன்’ என்று போட்டிருக்கிறார்கள். ஒரு வரியில் மூன்று தப்பு. அவள் அவர்களிடம் ஒரு செம்புக் காசு வாங்கியதில்லை. அவளுக்குப் பிள்ளை கிடையாது. இடுப்பில் இருப்பது இசக்கியம்மாள் என்ற சித்தாளின் மூன்றாவது பிள்ளை. பின்னால் தெரிகிற சுவர் காப்பகத்தினுடையது அல்ல, சிமெண்டு மூட்டை அடுக்கி வைத்திருந்த கிடங்கினுடையது. ஏழை என்ற ஒரு சொல் மட்டும் சரி. அதுவும் விசாரித்து எழுதியதில்லை, புடவையைப் பார்த்து எழுதியது.

சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள் தங்கபுஷ்பம். எட்டாம் வகுப்பு வரை படித்தாள். கணக்கில் எப்போதும் நூற்றுக்கு எண்பதுக்குக் குறைந்ததில்லை. வைரவன் என்ற கொத்தனாருக்கு வாழ்க்கைப்பட்டு, அறுபத்தாறாம் வருஷம் ஐப்பசி மாதம் மதராசுக்கு வந்தாள். புருஷன் சுவர் வைக்க, அவள் சித்தாளாகக் கலவை சுமந்தாள். மூன்று வருஷம் சுமந்தாள்.

மந்தைவெளியில் ஒரு மாடி வீட்டு வேலை. சித்தாள் பெண்கள் வழக்கம்போல் சாரத்தின் அடிக்கழியில் சேலைத் தூளி கட்டிப் பிள்ளைகளைப் போட்டிருந்தார்கள். அங்கேதான் நிழல். பகல் பதினொன்றரை மணிக்கு மேலேயிருந்து ஒரு அரைச் செங்கல் விழுந்தது. ஒரு தூளிக்குள் விழுந்தது. பிள்ளையின் காதுக்கும் துணிக்கும் நடுவே விழுந்தது. தாய் இரண்டாம் மாடியில் கலவைச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த வேலையின் மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் ஆவலியே, அப்புறம் இன்னா, சட்டிய எடு” என்றான்.

தங்கபுஷ்பம் சட்டியைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு அவள் சட்டி எடுக்கவே இல்லை.

“எல்லாப் பிள்ளையையும் நான் பாக்கேன். சாயந்தரம் கூலி வாங்கினதும் ஆளுக்குக் கொஞ்சம் எனக்குக் குடுங்க. சாரத்துல மட்டும் இனி எவளும் தூளி கட்டக் கூடாது” என்றாள். சங்கம், தீர்மானம், தலைவர், பொருளாளர் ஒன்றும் இல்லை. ஒரு மத்தியானத்தில் தொடங்கி, மறுநாள் காலையில் நடக்க ஆரம்பித்துவிட்டது.

கொட்டகை இப்படி: எட்டு சவுக்குக் கழி, பதினான்கு ஜோடி கீற்று, இரண்டு தண்ணீர் டிரம், ஒரு அடுப்பு. பிள்ளைகள் கூடக்கூடத் தூளியும் கூடி முப்பத்தெட்டு ஆனது. ஒவ்வொரு பிள்ளையின் அரைஞாணிலும் ஒரு நிற நூல் கட்டியிருப்பாள். எந்த நூல் எந்தத் தாய் என்பது அவள் மனதில் இருக்கும். பால் குடிக்கிற பிள்ளை அழுதால் கீழேயிருந்து அந்த நிறத் துணியை ஆட்டுவாள். மேலே இருக்கிற தாய் பார்த்து இறங்கி வருவாள். கத்திக் கூப்பிட வேண்டியதில்லை. சித்தாளுக்கு ஒரு இடத்தில் வேலை முடிந்தால் அடுத்த இடம். அதனால் கொட்டகைக்கும் அப்படியே. பிரிக்க அரைநாள், நட அரைநாள். ஐந்தரை வருஷத்தில் ஏழு இடம் மாறியது: மந்தைவெளி, நந்தனம், மறுபடி மந்தைவெளி, தி. நகரில் இரண்டு இடம், கோட்டூர், கடைசியில் அடையாறுக்குத் தெற்கே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த குடியிருப்பு. இதற்கிடையில் துணைக்கு ஜைதூன் பீ வந்து சேர்ந்தாள். புருஷனை இழந்தவள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுத்தம். பொன்ராஜ் என்ற மேஸ்திரியின் கூட்டத்தில் வைரவன் சேர்ந்த பிறகு, கொட்டகையும் அந்தக் கூட்டத்தோடே போனது. பொன்ராஜ் அந்த மந்தைவெளி மேஸ்திரியைப் போல் இல்லை. தாய்மார் நிம்மதியாக இருந்தால் கலவை சீக்கிரம் ஏறும் என்று தெரிந்தவன்.

இந்தக் கொட்டகையைத்தான் கோமளவல்லி அம்மாள் கண்டுபிடித்தார்.

கோமளவல்லி அம்மாளின் மாதர் சங்கம் மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் அவர் வீட்டு மாடியிலேயே நடந்தது. அந்தச் சங்கத்தார் வருஷத்தில் மூன்று தடவை ஏழைகளைப் பார்ப்பார்கள்: விஜயதசமிக்குச் சுண்டல், தீபாவளிக்குப் பழைய துணி, பொங்கலுக்குப் புகைப்படம். எழுபத்துநாலாம் வருஷம் சுண்டல் கொடுக்க வந்த அம்மாள் முப்பத்தெட்டுத் தூளிகளையும் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அடுத்த வாரமே கையில் ஒரு நீளமான ஃபாரத்தோடு வந்து, சைட் ஆபீசிலிருந்து நாற்காலி வரவழைத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நோக்கு என்ன வேணும்னு சொல்லு, தங்கபுஷ்பம். வெளிநாட்டுக்காரா குடுக்கறதுக்குத் துடிச்சிண்டிருக்கா. கூச்சப்படாதே.”

“கூச்சம் என்னத்துக்கும்மா? ரப்பர் டயர் போட்ட தள்ளுவண்டி ஒண்ணு. கொட்டகையப் பிரிச்சு ஏத்திட்டுப் போறதுக்கு. கூரைக்கு எட்டு தகரம். இன்னும் ரெண்டு பொம்பளைக்குச் சம்பளம். பால் பவுடர். அவ்வளவுதான்.”

“வண்டியா?” கோமளவல்லி அம்மாள் ஃபாரத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். “வண்டிக்கு இதுல எடமே இல்லையேடி. கட்டடம் எத்தனை சதுர அடி, சுத்துச்சுவர் உண்டா, போர்டு எந்தப் பாஷைலன்னுதான் கேட்டிருக்கா.”

“அப்பம் ஃபாரம் எழுதினவுக கொட்டகையப் பாத்ததில்ல.”

“அசடு மாதிரிப் பேசாதே. ஆப்பிரிக்கா பூரா இதே ஃபாரத்தை வெச்சுண்டுதான் கட்டிக் குடுத்திருக்கா.”

பக்கத்தில் பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்த ஜைதூன் பீ, “ஆப்பிரிக்கால அல்லாரும் ஒரே அளவு சட்டை போட்டுக்கினு கீறாங்களா, கேளு அக்கா” என்றாள். அம்மாள் காதில் அது விழவில்லை, அல்லது விழாதது போல் இருந்தார். வண்டிக்கு இடமில்லாத ஃபாரத்தில் கட்டடம் எழுதப்பட்டது. இரண்டாயிரத்து நானூறு சதுர அடி. தங்கபுஷ்பம் கேட்கவில்லை, தாய்மார் கேட்கவில்லை, பிள்ளைகளுக்குக் கேட்கத் தெரியாது. கேட்டது ஃபாரம்.

பணம் கொடுக்கச் சம்மதம் என்று இரண்டே மாதத்தில் பதில் வந்தது. கூடவே ஒப்பந்தப் பத்திரம். அதில் நிதி கொடுக்கிறவர்களும் இங்கே இருக்கிறவர்களும் ‘சம பங்காளிகள்’ என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. ஐந்தாம் பக்கத்தில் இருந்ததை அம்மாள் வேகமாகப் படித்துக் கடந்து போகப் பார்த்தார். தங்கபுஷ்பம் அதை மறுபடி படிக்கச் சொன்னாள்: குழந்தைகள் இந்தக் கட்டடத்தில் மட்டுமே பராமரிக்கப்பட வேண்டும், தற்காலிகக் கொட்டகை எதையும் சமூகப் பிரதிநிதி வேறெங்கும் நடத்தக் கூடாது.

சமூகப் பிரதிநிதி என்றால் அவள்தான். கையெழுத்துப் போட்டால் மாதச் சம்பளம் உண்டு, மின்விசிறி உண்டு, மேஜை உண்டு. ஆனால் அடையாறு வேலை ஆடி மாதத்தோடு முடிகிறது. பொன்ராஜின் கூட்டத்துக்கு அடுத்த வேலை பாண்டி பஜாருக்குப் பின்னால். அங்கேயிருந்து அடையாறுக் கட்டடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பால்குடிப் பிள்ளையை எந்தத் தாய் அப்படிக் கொண்டுவந்து விடுவாள்? கையெழுத்துப் போட்டால் காப்பகம் அடையாறில் இருக்கும், பிள்ளைகள் தி. நகரில் மறுபடியும் சாரத்தில் தொங்கும். போடாவிட்டால் இன்னொரு சிக்கல். பாண்டி பஜார் வேலையை எடுத்திருந்த காண்டிராக்டர் கோமளவல்லி அம்மாளின் தம்பி. அவர் மனது வைக்காவிட்டால் அங்கே ஒரு கழி நட முடியாது.

“யோசிச்சுச் சொல்லுதேன்” என்றாள் தங்கபுஷ்பம்.

“இதுல யோசிக்கறதுக்கு என்னடி இருக்கு?” என்றார் அம்மாள். அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம் தை மாதம் துரை வந்தார். உயரமான, வெயிலில் சிவந்த, ஓயாமல் சிரிக்கிற மனிதர். கற்றுக்கொண்டு வந்த ஒரே தமிழ்ச் சொல் வணக்கம். காவலாளி, மேஸ்திரி, தண்ணீர் வண்டிக்காரர், சும்மா நின்று வேடிக்கை பார்த்தவர் என்று ஒருவரையும் விடாமல் அதைச் சொன்னார். பிறகு படம் பிடித்தார். கழுவித் துடைத்துப் பொட்டு வைத்திருந்த பிள்ளைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மூலையில் மூக்கொழுகி உட்கார்ந்திருந்த ஒன்றைத் தேடிப் போய்ப் பிடித்தார்.

“காலைலேர்ந்து தேச்சுக் குளிப்பாட்டினேனே, அதெல்லாம் கண்ணுக்குத் தெர்லியா அந்த மனுசனுக்கு?” என்றாள் ஜைதூன் பீ.

“சுத்தமான புள்ளைக்கு அவங்க ஊர்ல துட்டு பேராதும்மா” என்றான் ஷரஃபுதீன்.

ஷரஃபுதீன் துரைக்காக ஒரு வாரத்துக்கு அமர்த்திய வேன் டிரைவர். வண்டி ஓட்ட வருமுன் ஒன்பது வருஷம் கப்பலில் சமையற்கட்டு வேலை பார்த்தவன். ஆப்பிரிக்காவில் கென்யாவின் மொம்பாசா துறைமுகம் வரை போய் வந்த கப்பல். அதனால் இங்கிலீஷும் வரும், அந்தப் பக்கத்துப் பாஷையும் ஓரளவு வரும்.

அது அன்றைக்குப் பயன்பட்டது. துரையோடு நலேபோ என்ற அம்மாளும் வந்திருந்தார். கென்யாவில் மாடு மேய்க்கிற ஜனங்களுக்காகப் பிள்ளைகள் சங்கம் நடத்துகிறவர். நாற்பது வயதிருக்கும். தலைமுடியை ஒட்ட வெட்டி, நீலக் கவுனுக்கு மேல் மணிமாலை போட்டிருந்தார். கோமளவல்லி அம்மாள் எல்லாருக்கும் அவரை, “இவாதான் ஆப்பிரிக்காவோட வெற்றி” என்று காட்டினார், ஏதோ கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய பூசணிக்காயைக் காட்டுவதுபோல. துரைமாருடைய பணம் எப்படிப்பட்ட அற்புதம் செய்யும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத்தான் துரை அவரைக் கூட்டி வந்திருந்தார்.

துரையும் கோமளவல்லி அம்மாளும் கட்டடம் வரப்போகிற மனையைப் பார்க்கப் போனார்கள். நலேபோ போகவில்லை. கொட்டகைக்குள் வந்து ஒரு கழியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கயிற்று முடிச்சை விரலால் தடவினார். ஷரஃபுதீனிடம் ஏதோ கேட்டார்.

“இதப் பிரிக்க எத்தினி நேரம் புடிக்கும்னு கேக்கறாங்கோ.”

“அரைநாள்” என்றாள் தங்கபுஷ்பம்.

நலேபோ சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான். பிறகு தரையிலேயே உட்கார்ந்து, ஒரு தூளியை ஆட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தார். ஷரஃபுதீன் தன் பாஷையில் சொல்லிக்கொண்டே வந்தான்.

“அவுங்க ஊர்ல மாடுதான் மேஸ்திரியாம். மழ எங்க பெய்யுதோ மாடு அங்க போவும், ஜனம் அது பின்னாலயே போவும். இவுங்க பள்ளிக்கூடமும் கழுத மேல ஏறிக் கூடவே போய்க்கினு இருந்துச்சாம். சிலேட்டு, மருந்துப் பெட்டி, கூடாரம், அல்லாம். நம்ம துரை போனாராம். நல்லா கீது, நல்லா கீதுன்னாராம். கல்லுக் கட்டடம் கட்டிக் குடுத்துட்டாராம்.”

“பொறவு?”

“பொறவு இன்னா, மழ வேற பக்கம் பூட்ச்சு. மாடு பூட்ச்சு. ஜனம் பூட்ச்சு. கட்டடத்துக்குக் கால் இல்லியே.” நலேபோ நிறுத்தி ஒரு விரலை உயர்த்தினார். “கையெழுத்துப் போட்டதால இவுங்க மட்டும் போவ முடிலயாம். ரெண்டு வருசம் சாவிய வெச்சுக்கினு காலிக் கட்டடத்துக்குக் காவல். ரிப்போட்ல மட்டும் தொண்ணூறு புள்ளைங்க. துரை வர்ற அன்னைக்கு சந்தைக் கடைக்காரங்க புள்ளைங்கள வாடகைக்குக் கூட்டியாந்து உக்கார வெப்பாங்களாம்.”

“துரைக்கு வித்தியாசம் தெரியாதா?”

ஷரஃபுதீன் அதைக் கேட்டுச் சொன்னான். நலேபோ தோளைக் குலுக்கிவிட்டுப் பதில் சொன்னார்.

“மாட்டுக்காரன் புள்ளைக்கும் கடைக்காரன் புள்ளைக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருந்தா அவன் கட்டடமே கட்டிருக்க மாட்டானாம்.”

ஜைதூன் பீ வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. “அப்பம் இன்னைக்குச் சாயந்தரம் மீட்டிங்ல இதச் சொல்லுவாவளா?” என்று கேட்டாள்.

ஷரஃபுதீன் கேட்டுச் சொன்னான்.

“மாட்டாங்களாம். நல்லதாத்தான் பேசுவாங்களாம். அவுங்க மருந்துப் பெட்டிய ரொப்புற துட்டு இப்பவும் துரை கையிலதான் கீதாம். நீ தப்பா எடுத்துக்காதன்றாங்கோ.” நலேபோ இன்னொன்றும் கேட்டார். “நீ கையெழுத்துப் போட்டியான்னு கேக்கறாங்கோ.”

“இன்னும் இல்ல.”

“அப்படின்னா நீ இவுங்களவிடப் பணக்காரியாம்.”

சாயங்காலம் ஐந்தரைக்கு மாட வீதி வீட்டு மாடியில் கூட்டம். துரைக்கு வெள்ளி டம்ளரில் காபி வந்தது. சங்கத்துப் பெண்களுக்குப் பளபளவென்று புது எவர்சில்வர். தங்கபுஷ்பத்துக்கும் ஷரஃபுதீனுக்கும் விளிம்பு நசுங்கிய பழைய டம்ளர். அது அந்த வீட்டில் எப்போதும் தனியாக வைக்கிற டம்ளர். நலேபோவுக்கும் அதே நசுங்கிய டம்ளர்தான் வந்தது. ஆப்பிரிக்காவின் வெற்றிக்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் மரியாதை. துரை அதைக் கவனிக்கவில்லை. சம பங்காளி என்று எழுதத் தெரிந்தவருக்கு டம்ளர் பார்க்கத் தெரியவில்லை. தங்கபுஷ்பம் மூன்று வகை டம்ளரையும் பார்த்து மனதில் வைத்துக்கொண்டாள்.

நலேபோ எழுந்து, சொன்னபடியே நல்லதாகப் பேசினார். கல்லுக் கட்டடம் உறுதியானது என்றார். இதுவரை ஒழுகவில்லை என்றார். சாவி பத்திரமாக இருக்கிறது என்றார். ஒரு வார்த்தை பொய் இல்லை. துரை கைதட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

பத்திரத்தை மேஜைமேல் விரித்தார்கள். கோமளவல்லி அம்மாள் பேனாவின் மூடியைத் திறந்தே நீட்டினார்.

தங்கபுஷ்பம் பேனாவை வாங்கவில்லை. “துரைகிட்ட ஒண்ணு கேக்கணும். ஆவணி மாசம் தாய்மாரெல்லாம் பாண்டி பஜார்ல இருப்பாக. பிள்ளைக எங்க இருக்கும்?”

அம்மாள் அதை இங்கிலீஷில் சொன்னார். துரையும் சிரித்தபடி பதில் சொன்னார்.

“நல்ல எடமா இருந்தா தாயார் எவ்வளவு தூரமானாலும் கொண்டுவந்து விடுவான்னு சொல்றார். அவரோட அனுபவமாம்.”

கதவோரம் நின்ற ஷரஃபுதீன் மெல்லத் தொண்டையைக் கனைத்தான். நலேபோ ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“சரிம்மா. அந்த அஞ்சாம் பக்கத்துல ஒரே ஒரு வரி மாத்தச் சொல்லுங்க. தாய்மார் எங்க வேலைக்குப் போறாகளோ, காப்பகமும் பணமும் அங்க போகும்னு எழுதட்டும். இப்பவே போடுதேன்.”

இந்தத் தடவை துரை சிரிக்கவில்லை. நீளமாகப் பேசினார். அம்மாள் அதைச் சுருக்கினார்: “நகர்ந்துண்டே இருக்கற ஒண்ணுக்கு அவா தலைமை ஆபீஸ்ல பணம் தர மாட்டாளாம். மேற்பார்வை பண்ண முடியாது, போர்டு மாட்ட முடியாது, போட்டோ எடுத்தா ஒவ்வொரு தடவையும் வேற எடமாட்டம் இருக்கும்கறார்.”

“பிள்ளை ஒண்ணுதானே, எடம் வேறயா இருந்தா என்னம்மா?”

“அதெல்லாம் நோக்குப் புரியாது, கையெழுத்தைப் போடு. என் தம்பி சைட்டுலதான் நீங்கள்ளாம் அடுத்தாப்பல வேலை பாக்கணும், ஞாபகம் இருக்கோன்னோ?”

“நல்லா ஞாபகம் இருக்கும்மா” என்றாள் தங்கபுஷ்பம். மிச்சக் காபியைக் குடித்து, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, மாடிப்படி இறங்கினாள். கபாலீசுவரர் கோயில் குளத்தருகே போய் பஸ்ஸுக்கு நின்றாள். 

பத்திரம் கையெழுத்தாகாமல் போய்விடவில்லை. சமூகப் பிரதிநிதி என்ற இடத்தில் கோமளவல்லி அம்மாளே போட்டுக்கொண்டார். முப்பது தாய்மாரின் கைநாட்டும் வேண்டுமென்றிருந்தது. அம்மாள் வீட்டுச் சமையற்காரி, சலவைக்காரி, எதிர்வீட்டுப் பால்காரர் என்று தெருவில் அகப்பட்ட கட்டை விரல்கள் எல்லாம் அதில் பதிந்தன. பால்காரரும் ஒரு தாயாகத் துரைமாரின் நாட்டு அலுவலகத்தில் இன்றைக்கும் இருப்பார்.

கட்டடம் விறுவிறு என்று எழும்பியது. பணம் இருந்தால் அது எழும்பத்தான் செய்யும். ஆடி கடைசியில் பொன்ராஜ் வந்து, “தங்கச்சி, காண்டிராக்டர் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாச் சொல்லிட்டாரு. அங்க ஒரு கழி நடக் கூடாதாம். அக்கா நல்ல கட்டடம் கட்டிருக்கா, அங்க கொண்டு விடுங்கோன்னுட்டாரு” என்றான்.

“பாண்டி பஜார்ல தளம் போடுதது என்னைக்கு?”

“ஆவணி மொத முகூர்த்தம். தூணும் சென்டரிங் பலகையும் வேற கூட்டம் முடிச்சு வெச்சிருக்கு. தளத்துக்குத்தான் நம்ம ஆளுக.”

“அடையாறு கட்டடம் தெறப்பு என்னைக்கு?”

“அதே நாளுதான். ஒரே பஞ்சாங்கம்லா.”



தளம் போடுகிற நாள் மற்ற நாளைப் போல அல்ல. அது கொத்து வேலை தெரிந்த எல்லாருக்கும் தெரியும். காலையில் பூசணிக்காய் உடைத்துக் கலவை மெஷினைச் சுற்ற விட்டால், கடைசிச் சட்டி விழுகிற வரை நிறுத்தக் கூடாது. கீழேயிருந்து மேலே வரை சித்தாள் பெண்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்கள். நடுவில் வரிசை அறுந்து பாதித் தளம் இறுகிப் போனால், மிச்சம் அதோடு ஒட்டாது. காலத்துக்கும் அந்த இடத்தில் ஒழுகும்.

அன்று காலை ஆறு மணிக்குக் கொட்டகைக் கழிகள் தெருவோரம் கட்டாகக் கிடந்தன. தங்கபுஷ்பமும் ஜைதூன் பீயும் அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளோடு தாய்மார் வந்தார்கள். ஒவ்வொருத்தியிடமும் தங்கபுஷ்பம் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். “இன்னைக்குக் கொட்டகை இல்ல. அவங்கவங்க பிள்ளைய அவங்கவங்களே வச்சுக்கிடுங்க.” அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. ஏறாதே என்று எவளிடமும் சொல்லவில்லை.

பூசணிக்காய் உடைந்தது. மெஷின் சுற்றியது. முதல் கலவை தயாராகிக் கீழே கொட்டியது.

“ஏறுங்கம்மா!” என்றான் பொன்ராஜ்.

வரிசை நின்றது. ஆனால் ஒவ்வொரு இடுப்பிலும் ஒரு பிள்ளை. சட்டியைப் பிடிக்க ஒருத்திக்கும் இரண்டு கை காலியாக இல்லை.

“பிள்ளைய எங்க போட, அண்ணாச்சி?” என்று இசக்கியம்மாள் கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும் அதையே கேட்டாள்.

திறப்பு விழாவுக்குப் போகிற வழியில், பட்டு வேட்டியும் விபூதியுமாக காண்டிராக்டர் காரில் வந்து இறங்கினார். மணி ஏழரை.

“என்னய்யா இது? யார் இவாளைத் தூண்டிவிட்டது?”

“நான் யாரையும் ஒண்ணும் சொல்லல, சாமி” என்றாள் தங்கபுஷ்பம், கழிகளை விட்டு எழுந்து. “கொட்டகை இல்லன்னு சொன்னேன். அது பொய்யா?”

“அடையாறுல அரண்மனையாட்டமா ஒரு கட்டடம் இருக்கு. அங்க கொண்டு விடறதுக்கென்ன?”

“விடலாம். பதினோரு மணிக்குப் பிள்ளை பாலுக்கு அழுதா அந்தக் கட்டடம் இங்க நடந்து வருமா?”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காண்டிராக்டரின் முகம் சிவந்தது. பொன்ராஜ் அவர் காதருகில் குனிந்து, “கலவை இறுகுதுங்க. இன்னும் அரைமணி போனா அந்தக் கலவை பாறாங்கல்லு. மெஷினுக்குள்ள கிடக்கதும் சேத்து” என்றான். காண்டிராக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்கு அடையாறில் ரிப்பன் வெட்டவேண்டியவர் அவர். கலவையைப் பார்த்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், “அந்த மூலையில நட்டுத் தொலையுங்கோ” என்றார்.

“அந்த மூலை வேண்டாம் சாமி. அதுக்கு மேல சாரம் நிக்கி. தெக்க, வேப்பமரத்துக்கிட்ட.”

காண்டிராக்டர் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். வேண்டாமென்று சொல்லவில்லை.

வைரவனும் நான்கு ஆண் கூலியாட்களும் கடப்பாரையோடு வந்தார்கள். கீற்றுக்கு நேரமில்லை, கழிகள் மட்டும் இறங்கின, வேப்பமர நிழலே கூரை. ஜைதூன் பீ தூளிகளை வீசி வீசிக் கட்டினாள். ஒவ்வொரு பிள்ளையாக இடுப்பிலிருந்து தூளிக்குப் போகப் போக, வரிசையில் ஒவ்வொரு ஜோடிக் கையாகக் காலியானது. எட்டு மணிக்கு முதல் சட்டி மேலே போய்ச் சேர்ந்தது.

ஒன்பது மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. திறப்புக்கு மறுபடி வந்திருந்த துரைக்காக இந்தத் தடவையும் அமர்த்தியிருந்த ஷரஃபுதீன் இறங்கினான். கையில் கோமளவல்லி அம்மாளின் சீட்டு. பின்சீட்டில் நாற்பது புது வெள்ளைச் சட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன.

“யக்கா, நாப்பது புள்ளைங்கள ஏத்திக்கினு வரச் சொன்னாங்கோ. ஒரு மணி நேரம் போதுமாம். கட்டடம் ரெடி, ரிப்பன் ரெடி, துரை ரெடி. புள்ளதான் இல்ல.” அவன் தூளிகளையும், மேலே ஏறிக்கொண்டிருந்த சட்டி வரிசையையும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டான். “நான் போயி இன்னான்னு சொல்ல?”

தங்கபுஷ்பம் ஒரு தூளியைக் காலால் ஆட்டிக்கொண்டே, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

“வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம், பாய். பிள்ளைக தூங்குதுன்னு மட்டும் சொல்லும்.”